கை நனைக்காத ஞாயிறு
அத்தியாயம் 14

மாமா கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோயிருந்தது.

கேள்வி இதுதான்.

"பொன்செல்விய உங்களுக்குக் கட்டித் தாரேன் மாப்ளே. சம்மதமா?"

மாமா என் மனைவி முத்துச்செல்வியின் அப்பா. பொன்செல்வி அவள் தங்கை. முத்து போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. வைகாசியில் வருஷ திதி கொடுத்தோம். பந்தி முடிந்து இலை எடுத்த கையோடு மாமா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். எனக்கு அப்பா அம்மா இல்லை. என் சார்பில் பேச வேறு ஆள் இல்லாததால் என்னிடமே கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதுதான் வினையாகிவிட்டது.

வேல்சாமி மாமாவுக்குச் சில முறைகள் உண்டு. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில், பேச்சு முடிவாகும்வரை மாப்பிள்ளை கை நனைக்கக் கூடாது. பந்தியில் உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். காப்பி குடிக்கலாம். முறுக்கு தின்னலாம். சோறு கிடையாது.

முத்து இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, ஞாயிறு மதியம் எனக்குத் தென்காசியில் மாமா வீட்டில்தான் சாப்பாடு. கேள்விக்கு அடுத்த ஞாயிறும் வழக்கம்போலப் போனேன். அத்தை காப்பி கொடுத்தார். அடுக்களையில் மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். அத்தை வாசல்வரை வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு உள்ளே திரும்பினார்.

அதற்கடுத்த ஞாயிறுகளும் அப்படித்தான் போயின.

இந்த வாரம் பொன்செல்வி போன் செய்தாள்.

"அத்தான், ஞாயித்துக்கெழம எங்க கடைக்கு வாங்க. அப்பாவையும் அம்மாவையும் நீங்களே கார்ல கூட்டிட்டு வந்திருங்க."

"சாப்பிடவா?"

"பின்ன, அளக்கவா?"

நான் வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீசில் சர்வேயர். அவள் எதற்கும் அதை இழுப்பாள்.

"மாமா ஒத்துக்கிட்டாங்களா?"

"ஓட்டல்ல சாப்பிட்டா அது கணக்குல வராதுன்னு சொல்லிருக்கேன். அம்மாதான் ஒரே புடியா நின்னா. பிள்ளை வெறும் வயித்தோட போறான், வெறும் வயித்தோட போறான்னு தெனமும் பொலம்பல். எனக்குக் காது வலிக்கி. வந்து தின்னுட்டுப் போங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

*

மாமா முன் சீட்டில் உட்கார்ந்தார். கூலக்கடை பஜாரில் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர் ஏறினால் கார் முழுக்க மிளகாய் நெடி ஏறும். கல்யாணமான புதிதில் தும்மித் தீர்த்திருக்கிறேன். இப்போது தும்மல் வருவதில்லை.

பின் சீட்டில் அத்தை. மடியில் ஒரு துணிப்பை. அதில் என்ன என்று மாமா கேட்டார்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் புளிச்சோறு."

"ஓட்டலுக்குச் சாப்பிடப் போகையில எதுக்குட்டி புளிச்சோறு?"

"கேட்டியளா, அங்கன வேகாத மீனாம். மாரித்தாய் மவ போயிட்டு வந்து சொன்னா. பாசியில சோத்தச் சுருட்டித் தாராவளாம்."

"நீ ஏன் மாரித்தாய் மவகிட்ட கேக்கே? ஒம் மவதான அங்கன சமைக்கா. அவகிட்ட கேளு."

"கேட்டேன். வந்து பாருன்னுட்டா."

மேலகரம் தாண்டியதும் சாரல் விழுந்தது. வைப்பரைப் போட்டேன். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை.

"மாப்ளே, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் மாமா.

"சொல்லுங்க மாமா."

"ஓட்டல்தான். ஒத்துக்கிடுதேன். ஆனா அங்கன சமைக்கது நம்ம பொண்ணு. அப்பம் அது ஓட்டல் சாப்பாடா, வீட்டுச் சாப்பாடா?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"பலகை தொங்குதுல்லா. ஓட்டல்தான்," என்றார் அத்தை.

"அப்படிச் சொல்லிர முடியாது. சுரண்டையில என்ன நடந்துச்சு? பொண்ணு பாத்துட்டு வெளிய வந்தவங்களுக்குப் பொண்ணோட தாய்மாமன் பஸ் ஸ்டாண்டுல புரோட்டா வாங்கிக் குடுத்திருக்காரு. தின்னுட்டு ஊருக்குப் போயி பொண்ணு வேண்டாம்னுட்டானுவ. பெரியாளுக உக்காந்து பேசுனாங்க. என்ன முடிவு தெரியுமா? வெறும் புரோட்டான்னா பலகாரம். சால்னா ஊத்திப் பெசஞ்சு தின்னா சாப்பாடு. சம்மதம்தான்."

"அந்தக் கல்யாணம் நடந்துச்சா?"

"நடந்துச்சி. ரெண்டு பிள்ளை இருக்கு. நல்லாத்தான் இருக்காங்க."

அத்தை சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

மாமா சிரிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆனி மாசம் முடியப் போவுது. ஆடி பொறந்திட்டா நல்ல பேச்சு எதையும் எடுக்க முடியாது. அதனால நான் ஒண்ணு முடிவு பண்ணிருக்கேன் மாப்ளே. இன்னைக்கு நீங்க பதில் சொல்லுதிய. சொல்லுத வரைக்கும் நான் வாயில எதையும் வைக்க மாட்டேன்."

"சுகர் மாத்திரை போட்டிருக்கிய," என்றார் அத்தை.

"போட்டா என்ன? இருக்கட்டும்."

*

சீசன் ஞாயிறு. குற்றாலத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்கவே வெகுநேரம் ஆயிற்று. தலை நிறைய எண்ணெயும் இடுப்பில் ஈரத் துண்டுமாக ஆட்கள் ரோட்டின் நடுவில் நடந்தார்கள். ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கடை ஐந்தருவிப் பாதையில் இருக்கிறது. முன்பு நேந்திரம் சிப்ஸ் போட்ட இடம். பலகையில் பெரிதாக 'சாரல் சுஷி'. அடியில் 'ஜப்பான் – மெக்சிகோ உணவகம்'. அதற்கும் அடியில், பிறகு எழுதிச் சேர்த்தது போல, 'புரோட்டா இல்லை'.

முதலாளி ஹபீபுல்லா வாசலுக்கே வந்துவிட்டார். கடையநல்லூர்க்காரர். துபாயில் பல வருஷம் சமையல்கட்டில் இருந்துவிட்டு வந்தவர்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. இசக்கிமணி சார், வாங்க. பொன்செல்வி நேத்தே சொல்லிட்டா. சன்னலோரம் எடம் போட்டு வச்சிருக்கேன்," என்று என்னையும் பெயர் சொல்லி வரவேற்றார்.

மாமா நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து உட்கார்ந்தார்.

"அது என்ன தம்பி, ஜப்பானும் மெக்சிகோவும்? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல அண்ணாச்சி. துபாய்ல நான் வேல பாத்த எடத்துல ஒரு ஜப்பான்காரன், ஒரு மெக்சிகோக்காரன். ஒரே மேடை. ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டாங்க. அவன் அழகா உருட்டி வெட்டி வைப்பான். இவன் வந்து அதுமேல மாங்காயும் மொளகாச் சாறுமா ஊத்துவான். ஜப்பான்காரனுக்கு அழுகையே வந்திரும். சாப்பிடுதவன் இன்னொரு தட்டு கேப்பான். நான் நடுவுல நின்னு ரெண்டையும் படிச்சேன்."

"நம்ம ஊரு ஆளுக திங்காங்களா?"

"மொதல்ல எல்லாரும் புரோட்டாதான் கேட்டாங்க. இப்பம் பலகையில எழுதிட்டேன். மதுரை, கோவில்பட்டின்னு குளிக்க வாரவங்கதான் கூட. காலேஜ் பிள்ளைக வரும்."

மாமாவின் பார்வை அவரைத் தாண்டிப் போயிருந்தது.

எதிரே நீளமான மேடை. அதற்குப் பின்னால் பொன்செல்வி நின்றாள். கறுப்புத் தொப்பி, கறுப்பு ஏப்ரன். எங்களைப் பார்த்து ஒரே ஒரு தலையசைப்பு. பிறகு குனிந்துகொண்டாள். வினிகர் கலந்த தண்ணீரில் விரல்களை முக்கி எடுத்தாள். கடல்பாசித் தாளின் மேல் சோற்றைப் பரத்தினாள். சுட்ட சோளமும் மாங்காய்க் கீற்றும் வெந்த இறாலும் வைத்தாள். மூங்கில் பாயோடு சேர்த்து ஒரு சுருட்டு. கத்தியை ஈரத் துணியில் துடைத்தாள். வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தாள்.

நெல்லையில் கேட்டரிங் படித்தவள் என்பது மாமாவுக்குத் தெரியும். ஓட்டலில் வேலை பார்க்கிறாள் என்பதும் தெரியும். இந்தக் கடைக்குள் இதுவரை அவர் வந்ததில்லை. மகள் வேலை செய்வதை இன்றுதான் பார்க்கிறார்.

"கத்தி பெருசா இருக்கே," என்றார்.

*

கை கழுவப் போனேன். குழாயைத் திறந்ததும் பக்கத்தில் பொன்செல்வி வந்து நின்றாள். கையில் ஒரு காலிக் கிண்ணம். கழுவ வந்தது போல.

"என்ன சொல்லப் போறிய அத்தான்?"

"தெரியல."

"நெனச்சேன். ஊரு நெலத்துக்கெல்லாம் கல்லு நட்டுட்டு வாரிய. ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நாளா?"

அவள் குழாயை மூடினாள்.

"முதலாளி கொச்சியில இன்னொரு கடை போடுதாரு. மேடைய என்னையப் பாத்துக்கிடச் சொல்லுதாரு. நான்தான் பெரிய ஆளு அங்கன. நாளைக்குள்ள சொல்லணும்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்ல? நீங்க சரின்னு சொல்லிருவியளோன்னு பயந்துட்டே இருக்கேன். நீங்க சரின்னா நான் மாட்டேன்னு சொல்லணும். அப்பா முன்னால நான் அப்படிச் சொன்னா உங்களுக்கு அது கேவலம். அக்கா புருசன நான் கேவலப்படுத்த மாட்டேன். அதனால நீங்களே சொல்லிருங்க."

"நான் மாட்டேன்னு சொன்னா உனக்குக் கேவலம் இல்லையா?"

"எனக்கென்ன? கொச்சியில எவனுக்கு என்னையத் தெரியும்?"

சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

"உங்களுக்கு என்னையக் கட்டணும்னு இருக்கா? உள்ளதச் சொல்லுங்க."

"இல்ல பொன்னு."

"பின்ன ஏன் இழுக்கிய?"

அதை அவளிடம் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொன்ன மறுநாள் நான் அந்த வீட்டுக்கு யாரோ ஆகிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமை எனக்கு இருக்காது. முத்து போன பிறகு வாரத்தில் எனக்கு அந்த ஒரு மதியம்தான் இருந்தது. பதில் சொல்லாதவரை அது முழுவதும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கிண்ணத்தைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு போனாள்.

*

தட்டுகள் வந்தன.

முதல் தட்டில் இறால் உருண்டைகள். ஒவ்வொன்றும் ஒரு வாய் அளவு. நடுவில் மாங்காயின் மஞ்சளும் பட்டர் ஃப்ரூட்டின் பச்சையும் தெரிந்தன. மேலே சுட்ட சோளத்தை உதிர்த்திருந்தார்கள்.

"இட்லிக்குக் கறுப்புத் துணி சுத்துனாப்புல இருக்கு," என்றார் அத்தை.

அடுத்த தட்டில், கடல்பாசியை மாவில் முக்கிப் பொரித்து, மடித்த வெற்றிலை போல நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் சோறு, வாட்டிய சூரை மீன், வெங்காயம், மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு. மூன்றாவது தட்டு சின்னது. மெலிதாகச் சீவிய நெய்மீன். வேகாதது. எலுமிச்சைச் சாற்றிலும் பச்சை மிளகாயிலும் ஊறிக் கிடந்தது.

"அது அத்தானுக்கு மட்டும். உங்களுக்கு எல்லாம் வெந்ததுதாம்மா, பயப்படாம சாப்பிடுங்க," என்று மேடையிலிருந்தே சொன்னாள் பொன்செல்வி.

கடைசியாக ஒரு கிண்ணம் நிறையச் சிவப்புச் சாறு. அதை மாமாவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள்.

மாமா கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மாப்ளே."

"சாப்பிட விடுங்க அவுகள," என்றார் அத்தை.

"சொல்லிட்டுச் சாப்பிடட்டும்."

"ஆறிப்போயிரும்."

"இது ஏற்கெனவே ஆறுனதுதான். நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பக்கத்து மேசையில் மூன்று காலேஜ் பெண்கள் போட்டோ எடுத்தார்கள். மழை வலுத்தது. அத்தை துணிப்பையின் முடிச்சைத் தொட்டார், விட்டார்.

அப்போதுதான் மாமா அதைச் செய்தார். செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். சுண்டுவிரலை அதில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடினார். மூட்டை பிரித்தால் கடையில் அவர் செய்வது இதுதான். அவர் கை தானாகப் போயிற்று.

"இது நம்ம சரக்குல்லா," என்றார்.

"சாப்பிட்டுட்டியளே!" என்றார் அத்தை.

மாமா விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது சாப்பாடா? சரக்கு பாத்தேன்."

"நாக்குல வச்சிய."

"காதுலயா வைக்க முடியும்?"

ஹபீபுல்லா கல்லாவிலிருந்து சத்தமாகச் சிரித்துவிட்டார். பொன்செல்வி மேடையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். துண்டில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

"நம்ம கடை வத்தல்தாம்பா. போன வாரம் எடுத்துட்டு வந்தேன்."

"தெரியுது. ஆனா கருக்கிட்டியேட்டி."

"கருக்கல. புகை காட்டுனேன். தேங்காச் செரட்டையக் கனல் போட்டு, மேல வத்தலப் பரத்தி, மூடி வச்சேன். பொறவு ஊற வச்சு, பூண்டும் தக்காளியும் சுட்டுப் போட்டு அரைச்சேன். மெக்சிகோல இப்படித்தான் செய்வாங்களாம். முதலாளி சொல்லிக் குடுத்தாரு."

"புகை அடிச்ச மூட்டைய நான் லாரியோட திருப்பி அனுப்புவேன்."

"அவங்க அதத்தான் தேடி வாங்குதாங்கப்பா."

மாமாவின் சுண்டுவிரல் இன்னொரு தடவை கிண்ணத்துக்குப் போயிற்று. இந்தத் தடவை தெரிந்தேதான் போயிற்று.

அவர் முகம் இளகியிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று பட்டது.

"மாமா, எனக்கு ஞாயித்துக்கெழம உங்க வீட்டுல சாப்பிடணும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான். அதுக்காகப் பொன்னக் கட்டிக்கிட முடியாது."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. தாலுகா ஆபீசில் எல்லை சொல்வது போல.

அத்தை என் கையைப் பார்த்தார். பொன்செல்வி துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"ஏன் மாப்ளே? பிள்ளையில ஏதும் கொறையா?"

"ஒரு கொறையும் இல்ல மாமா. கொறை இருந்தா சொல்லச் சுலபமா இருந்திருக்கும். முத்து என்னைய அத்தான்னு கூப்பிட்டா. இவளும் அத்தான்னுதான் கூப்பிடுதா. ரெண்டும் வேற. எனக்கு அத மாத்தத் தெரியல."

மாமா கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்பம் நீங்க எங்களுக்கு யாரு?"

நான் பயந்த கேள்வி அதுதான்.

"முத்து இல்ல. ஒரு பிள்ளை இருந்தா பேரப்பிள்ளைன்னு சொல்லி வந்து போவோம். அதுவும் இல்ல. நாளைக்கு இவளுக்கு ஒருத்தன் வருவான். வந்து உக்காந்துட்டுக் கேப்பான். ஞாயித்துக்கெழம ஆனா ஒரு ஆளு வந்து சாப்பிட்டுட்டுப் போறாரே, யாரு மாமா அவருன்னு கேப்பான். நான் என்ன சொல்ல? செத்துப்போன மவளுக்குப் புருசன்னு சொல்லவா? எனக்கு அந்த வார்த்த வாயில வராது மாப்ளே. அதுக்குத்தான் இந்தப் பேச்சையே எடுத்தேன். உங்கள விடக் கூடாதுன்னு எடுத்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

சன்னலுக்கு வெளியே தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தேன்.

"மொதல்ல அவன் வரட்டும்பா," என்றாள் பொன்செல்வி. "அதுக்கு முன்ன நான் கொச்சிக்குப் போறேன்."

"எங்கன?"

"கொச்சி. முதலாளி அங்கன கடை போடுதாரு."

மாமா ஹபீபுல்லாவைத் திரும்பிப் பார்த்தார். ஹபீபுல்லா எழுந்து நின்றுவிட்டார்.

"நானே உங்ககிட்ட வந்து கேக்கணும்னு இருந்தேன் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரி ராபியா அங்கனதான் இருக்கப் போறா. பிள்ளை தங்குததுக்கு எங்க மாடியிலயே ரூம் இருக்கு. இந்த மேடைய நம்பிக் குடுக்க எனக்கு வேற ஆளு இல்ல."

"ஒரே நாள்ல எத்தன பேருவே என்னைய அடிப்பிய?" என்றார் மாமா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அத்தை இவ்வளவு நேரமும் தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தார். தட்டு மேசை விளிம்புக்கு வந்து என் நெஞ்சில் முட்டியது.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

"வார ஞாயித்துக்கெழம நாங்க உங்க வீட்டுக்குச் சாப்பிட வாறோம்."

மாமா சட்டென்று திரும்பினார்.

அதற்குக் காரணம் உண்டு. பெண் கொடுத்த வீட்டில், அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கும்வரை பெற்றவர்கள் சாப்பிட மாட்டார்கள். அதுவும் மாமாவின் முறைகளில் ஒன்று. முத்து இருந்த வருஷங்களில் இருவரும் என் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார்கள். முத்து ஆக்கி வைத்துவிட்டுக் கெஞ்சுவாள். ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்பாள். அத்தை அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, பிள்ளை பிறக்கட்டும், உட்கார்ந்தே சாப்பிடுகிறேன் என்பார். மகள் சமைத்ததை அவள் வீட்டில் அவர்கள் கடைசிவரை சாப்பிடவில்லை.

"தங்கபுஷ்பம், அது பொண்ணு குடுத்த வீடு," என்றார் மாமா.

"தெரியும்."

"அங்கன நாம கை நனைக்க முடியாது."

"பொண்ணு குடுத்த வீட்டுலதான் முடியாது. மவன் வீட்டுல சாப்பிடலாம்லா."

மாமா என்னைப் பார்த்தார்.

"இவுக யாருன்னு எவனும் கேட்டா என்கிட்ட அனுப்புங்க. நான் சொல்லிக்கிடுதேன்," என்றார் அத்தை. சொல்லிவிட்டு முந்தானையால் மேசையில் இல்லாத ஈரத்தைத் துடைத்தார்.

மாமா தட்டோடு வந்திருந்த குச்சிகளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஓர் இறால் உருண்டையைக் கையால் எடுத்தார். சிவப்புச் சாற்றில் அழுத்தித் தோய்த்தார். முழுதாக வாயில் போட்டார்.

மென்று முடிக்கும்வரை நாலு பேரும் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காரம் பத்தல," என்றார். "இன்னும் கொஞ்சம் கொண்டாட்டி."

*

பிறகு நடந்தது வெறும் சாப்பாடு.

அத்தை பொரித்த பாசியைக் கடித்தார். அப்பளம் மாதிரி நொறுங்குகிறது என்று ஆச்சரியப்பட்டார். இரண்டாவதையும் எடுத்தார். பட்டர் ஃப்ரூட்டுக்கு ருசியே இல்லை, அது எதற்கு என்று கேட்டார். காரத்தை அடக்க என்று பொன்செல்வி சொன்னாள். அதற்குத் தயிர் போதாதா என்றார் அத்தை. புளிச்சோற்றைப் பிரித்து ஹபீபுல்லாவுக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார். அவர் அதன் மேல் சிவப்புச் சாற்றை ஊற்றிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் இதையே பாசியில் சுருட்டி விற்கப் போகிறேன் என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மாமா உருண்டைகளை உடைத்தார். சோறு, மீன், சாறு எல்லாவற்றையும் தட்டில் ஒன்றாகப் பிசைந்தார்.

"அப்பா, அது அப்படித் திங்கதில்ல," என்றாள் பொன்செல்வி.

"நீ உருட்டுனது உன் வேல. பெசையது என் வேல."

"ஜப்பான்காரன் பாத்தா அழுவான்," என்றார் ஹபீபுல்லா.

"அழட்டும். அவனுக்கும் ஒரு வாய் குடுப்போம்."

நான் நெய்மீனை எடுத்தேன். எலுமிச்சை, பச்சை மிளகாய், பிறகு மீன். குளிர்ச்சியாக இருந்தது. ருசி தெரிந்தது. இன்னொரு துண்டு எடுத்தேன்.

பொன்செல்வி என் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தாள்.

"என்னையக் கட்டிருந்தா வாரம் பூரா இதான் சோறு. தப்பிச்சிட்டிய அத்தான்."

"நீயும்தான்."

"ஆமா. நானும்தான்."

மேடைக்குத் திரும்பிப் போனாள். மாமா அவள் போவதைப் பார்த்தார். கொச்சியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டியவள்.

*

திரும்பும்போது சாரல் விட்டிருந்தது. மலையின் தலை தெரிந்தது.

"என்ன வைப்பிய?" என்று பின்னாலிருந்து கேட்டார் அத்தை.

"என்னது அத்தை?"

"வார ஞாயித்துக்கெழம எங்களுக்கு என்ன ஆக்கிப் போடுவிய?"

"தெரியல. சோறு வைக்கத் தெரியும். முட்டை பொரிப்பேன்."

"போதும். கொழம்பு எப்படின்னு நான் பக்கத்துல நின்னு சொல்லுதேன். கைய மட்டும் வைக்க மாட்டேன்."

சரி என்றேன். அடுக்களை அலமாரி ஞாபகம் வந்தது. அதைக் கடைசியாக அடுக்கியவள் முத்து. நான் வெளியே கிடக்கும் ஒரு தட்டிலும் ஒரு டம்ளரிலும் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதவை இதுவரை திறக்கவில்லை. இந்த வாரம் திறக்க வேண்டும். மூன்று பேருக்குத் தட்டு வேண்டும்.

மாமா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். காசிமேஜர்புரம் பக்கம் ஒரு கூட்டம் ஈரத் துண்டோடு திடீரென்று ரோட்டில் இறங்கியது. பிரேக்கை அழுத்தினேன். கார் குலுங்கி நின்றது.

"ஏலே, பாத்துப் போ!"

மாமாவின் குரல்தான். என்னைத்தான் சொன்னார்.

நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போன நாளிலிருந்து அவர் என்னை வாங்க, போங்க தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. பின் சீட்டில் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தது கண்ணாடியில் தெரிந்தது. மாமா மாற்றிச் சொல்லவில்லை. கூட்டம் கடந்து போனது. கியரைப் போட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார்.

"கொச்சிக்கு இங்கன இருந்து ரயில் உண்டுமாலே?"

"உண்டு. செங்கோட்டை வழியா."

"விடிய போயிருமா?"

"யாருக்கு மாமா?"

"சும்மா கேட்டேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."